ஒரே பாட்டுக்கு இரண்டு சத்தியம்

1964 பிப்ரவரி 16, ஞாயிறு

டோலக்கின் இடது பக்கத் தோல் தளர்ந்திருந்தது. காலையில் கயிறுகளை இழுத்துக் கட்டி வெயிலில் வைத்தேன். வாசிக்கக் கச்சேரி ஒன்றும் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை சும்மா இருப்பதில்லை. என் வீட்டுக்காரி ஆறுமுகத்தாய், குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தவள், "அந்த அக்கறைய இந்தக் கதவுக்கு எண்ணெய் போடுறதுல காட்டலாம்லா" என்றாள். போட்டேன். கதவு இன்னும் கத்துகிறது.

மத்தியானம் சலாவுதீன் வீட்டில் சாப்பாடு. நேற்றுப் பெருநாள், எனக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓவர்டைம் இருந்ததால் போக முடியவில்லை. அவன் மனைவி நஸீரா மதினி எனக்கென்று பிரியாணியை எடுத்து வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் சலா என்னைக் கீழே அவனுடைய சூட்கேஸ் பட்டறைக்குக் கூட்டிப்போனான். லீவு நாள், ஆள் இல்லை. பாதி தைத்த பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து சொன்னான்.

தாதரில் ஒரு ரெக்கார்டு கம்பெனி கூப்பிட்டிருக்கிறதாம். நம்முடைய பொருநை இசைக்குழுவின் நான்கு பாட்டுகளையும் இப்போது வருகிற சின்னத் தட்டில் புதிதாகப் பதிய வேண்டும் என்கிறார்களாம். பழைய பெரிய தட்டு புது மிஷின்களில் ஓடுவதில்லை.

"யாரு பாடுறா?" என்றேன்.

"நான்தான்."

"செம்பா?"

"நான் மட்டும்தான் வே."

"'ஒத்தக் குடை'யையுமா? அது ரெண்டு பேரு பாடுற பாட்டுல்லா."

கொஞ்ச நேரம் பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து மூடினான். "அதையும் நானே பாடிருவேன். நீரு வாசிச்சாப் போதும். அவளுக்குத் தெரிய வேண்டாம். கையில அடிச்சுச் சொல்லும்."

அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

பொருநை என்பது நாங்கள் மூன்று பேர். சலாவுதீன் பாட்டு எழுதி, ஆர்மோனியம் வாசித்துப் பாடுவான். செண்பகவல்லி, எங்களுக்குச் செம்பா, பாடுவாள். நான் டோலக். தாராவியில், மாதுங்காவில், கல்யாணமோ கோயில் கொடையோ பொங்கல் விழாவோ, எங்களைக் கூப்பிடாத இடம் குறைவு. நான்கு வருஷத்துக்கு முன்னால் முதல் இசைத்தட்டு வந்தது. உறையைப் பிரித்தோம். லேபிளில் 'சலாவுதீன் குழுவினர்' என்று மட்டும் இருந்தது. பொருநையும் இல்லை, செண்பகவல்லியும் இல்லை. அவள் அதைப் பார்த்தாள். கீழே வைத்தாள். நஸீரா மதினி கொடுத்த டீயைக் குடித்து முடித்தாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. ஒரு வார்த்தை சண்டை கிடையாது. சண்டை போட்டிருந்தால் தேவலை.

பிப்ரவரி 17

ஆறுமுகத்தாயிடம் சொன்னேன். அவளிடம் சொல்லக்கூடாது என்று சத்தியத்தில் இல்லை. அவள் கேட்டது: "ஒத்த ஆளு ஒத்தக் குடையில போனா யாரு தோளு நனையும்?"

பிப்ரவரி 23, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. சிரிப்பா, பயமா?

செம்பூருக்கு, செம்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அங்கே திலக் நகரில் வீடு கிடைத்துக் குடிபோன பிறகு மாதத்துக்கு ஒருதடவையாவது போய்ப் பார்த்துவிடுவது என் வழக்கம். அவள் புருஷன் கணேசபாண்டியன் பேக்டரி ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். செம்பா தையல் மிஷினை நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, ஒரு சமாச்சாரம். கிர்காவ்ல ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரன் செம்பூர் விழாவுல நான் பாடுனதக் கேட்டுருக்கான். பழைய பாட்டு நாலையும் நான் தனியாப் பாடிக் குடுக்கணுமாம்."

எனக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது.

"நீங்கதான் வாசிக்கணும். வேற யாரு அடிச்சாலும் எனக்குப் பாட்டு வராது. ஆனா சலாண்ணனுக்குத் தெரியக்கூடாது. என் மேல சத்தியம் பண்ணுங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். 'தங்கச்சி, அங்கேயும் இதே கதைதான்' என்று ஒரு வாக்கியம். ஆனால் போன ஞாயிறு அடித்த கை இருக்கிறதே. சத்தியம் செய்தேன்.

குர்லா வரைக்கும் நடந்தே வந்தேன். பஸ்ஸில் ஏறினால் யாரிடமாவது உளறிவிடுவேன் போலிருந்தது.

பிப்ரவரி 24

"ரெண்டு இடத்துலயும் தலைய ஆட்டிட்டு வந்துட்டீயளாக்கும்" என்றாள் ஆறுமுகத்தாய். பிறகு சோறு போட்டுக்கொண்டே, "ஒங்களுக்கு என்ன வேணும்னு ரெண்டு பேர்ல யாராச்சும் கேட்டாவளா?"

கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லியிருப்பேன்?

மேடையில் நான் நடுவில் உட்காருவேன். இடது காதில் அவன், வலது காதில் அவள். எனக்கு அது போதும் என்று சொல்லியிருப்பேன்.

மார்ச் 8, ஞாயிறு

சலாவோடு ஒத்திகை, பட்டறையில். மூன்று பாட்டு சுலபமாக வந்தது. 'ஒத்தக் குடை' வந்ததும் அவன் ஆர்மோனியத்தின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அது புருஷனும் பெண்டாட்டியும் மழையில் போகிற பாட்டு.

*ஒத்தக் குடை விரிச்சேன், உன் பக்கம் சாய்ச்சேன்,*
*என் தோள் நனையட்டும் கண்ணே.*

இது அவன் வரி. பதில் செம்பாவுடையது:

*சாய்ச்ச குடைய நிமித்தும், சளி பிடிக்கும் ஒமக்கு,*
*என் தோள் நனையட்டும் மாமா.*

அவள் வரி மேலே போகும். சலா கண்ணை மூடிக்கொண்டு அதை எட்டிப் பிடித்தான். 'நிமித்தும்' என்கிற இடத்தில் செம்பா ஒரு சின்ன மூச்சு விட்டுச் சிரிப்பை அடக்குகிற மாதிரி பாடுவாள். ஜனங்கள் அதற்காகவே மறுபடி பாடச் சொல்வார்கள். அந்த மூச்சையும் விட்டான். அந்தச் சிரிப்பும் இருந்தது. மீசை வைத்த செம்பா!

தான் அப்படிப் பாடுகிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் குனிந்துகொண்டு வாசித்தேன்.

முடிந்ததும், "செம்பூர்ப் பக்கம் போனீரா?" என்றான்.

"போனேன்."

"எல்லாரும் சொகந்தானே?"

"யாரு எல்லாரும்?"

"சும்மாக் கேட்டேன் வே."

மார்ச் 12, வியாழன்

வேலை முடிந்து நேரே செம்பூர். இனி ஞாயிறு சலாவிடம், வியாழன் செம்பாவிடம். டோலக் சுமந்தே தோள் தேய்ந்துவிடும்.

செம்பா அவன் வரியைப் பாடுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமினாள். அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அது சலாவுடைய செருமல். 'கண்ணே' என்பதை அவன் இழுக்கிற மாதிரியே இழுத்து, அவன் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாள்.

நான் வாசிப்பதை விட்டுவிட்டேன்.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல. கயிறு எளகிருச்சு."

போகும்போது வாசல் வரைக்கும் வந்தாள். "பட்டறை வேலையெல்லாம் நடக்குதாமா?" எந்தப் பட்டறை என்று நானும் கேட்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

இன்று மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். சலாவிடம் வாய் தவறி, "வியாழக்கிழமை இதவிட நல்லா வந்துச்சே" என்றுவிட்டேன்.

"வியாழக்கிழமை நாம பாடலையே வே."

"கனாவுல."

"கனாவுல நான் நல்லாப் பாடுதேனா?" என்று சந்தோஷப்பட்டான். பாவம்.

மார்ச் 31, செவ்வாய்

இன்றோடு பம்பாயில் டிராம் நிற்கிறது. கடைசி வண்டியைப் பார்க்கத் தாதருக்குக் கூட்டம் போகிறதாம். ஆறுமுகத்தாய் வரவில்லை என்றாள். "ஓடுன நாள்ல ஒரு தடவ கூட்டிப்போகல, நிக்கிற அன்னைக்கு என்னத்துக்கு?" நியாயம்தான். பதிலுக்கு கிங்ஸ் சர்க்கிளில் காபி வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சலாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. தோல் ஒட்டுகிற பசையின் நெடி என்கிறான். கற்பூரவல்லி, மிளகு, எல்லாம் ஆயிற்று. ஒத்திகை இல்லை. ஆர்மோனியத்தில் மட்டும் வாசித்தான்; நான் கூட அடித்தேன். நஸீரா மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, ரெண்டு மாசமாவே இப்படித்தான். ஒங்ககிட்ட நல்லாப் பாடணும்னு ஞாயித்துக்கிழமைக்குன்னு சேத்து வைக்கிறாக. மத்த நாள்ல பேச்சே கிடையாது" என்றாள்.

எனக்குத் தெரியவில்லையே. இந்தக் காதை வைத்துக்கொண்டு என்ன கேட்டுக்கொண்டிருந்தேன்?

ஏப்ரல் 18, சனி

சயானில் தொண்டை டாக்டர் பார்த்தார். கூட நான் போயிருந்தேன். கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நரம்பில் முடிச்சு இருக்கிறது, வெட்டி எடுக்க வேண்டும் என்றார். கெட்ட கட்டி மாதிரித் தெரியவில்லையாம், ஆனால் எடுத்துச் சோதித்தால்தான் நிச்சயமாம். சலா கேட்டது ஒன்றுதான்: "பாட முடியுமா?" டாக்டர், "பேசலாம்" என்றார்.

வெளியே வந்து பாலத்துக்குக் கீழே நின்றோம். ரயில் ஒன்று போய் முடிந்தது.

"ஆபரேஷனுக்கு முன்ன பதிஞ்சிரணும் வே. இது எங்கிட்ட இருக்கும்போதே."

சரி என்றேன்.

"அவகிட்ட சொல்லிராதேயும். பரிதாபப்பட்டு வந்து நிப்பா. அப்படி வரக்கூடாது."

மறுபடி கையை நீட்டினான். அடித்தேன். அவன் கை சுட்டது.

ஏப்ரல் 24

நேற்று பக்ரீத். சலா எல்லோருக்கும் தலையாட்டினானே தவிர, வாயைத் திறக்கவில்லை. குரலைச் சேமிக்கிறான்.

மே 10, ஞாயிறு

தாதர் கம்பெனியில் ரெக்கார்டிங். சின்ன அறை, சுவரெல்லாம் சாக்குத் துணி, மின்விசிறி கிடையாது. மிஷினைப் பார்க்கிறவர் பாவே என்கிற மராட்டிக்காரர். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது, ஆனால் சுருதி எங்கே இறங்கினாலும் விரலைத் தூக்கிவிடுவார்.

முதல் மூன்று பாட்டும் முடிந்தன. நல்லபடியாக, சத்தியமாக நல்லபடியாக. கடைசியில் 'ஒத்தக் குடை'. அவன் வரியைப் பாடினான், கம்பீரமாக. அவள் வரிக்கு ஏறினான். 'நிமித்தும்' என்ற இடத்தில் குரல் இரண்டாகக் கிழிந்தது.

பாவே விரலைத் தூக்கினார். "ஏக் ஔர் டேக்."

இன்னொரு தடவை. இன்னொன்று. அப்புறம் சத்தமே வரவில்லை, காற்றுதான் வந்தது. சலா ஆர்மோனியத்தின் துருத்தியை மூடிவிட்டு, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தான். பாவே வெளியே வந்து தானே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மாசக் கடைசிக்குள் நான்காவது பாட்டு முடிய வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறு யாருடைய பாட்டையாவது போட்டுவிடுவோம் என்று கம்பெனி மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

மே 11

யாருகிட்ட போய்ச் சொல்ல. இந்தப் பக்கம் ஒரு சத்தியம், அந்தப் பக்கம் ஒரு சத்தியம் — நடுவுல நான் என்ன மரமா? மனுசன் தொண்ட போகப்போகுது. அவ அங்க அவன மாதிரியே செருமிட்டுப் பாடுதா. ரெண்டுக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன பிரயோசனம்.

ஒர்க்‌ஷாப்பில் இன்று ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டேன். நகம் போயிற்று.

மே 14, வியாழன்

சொல்லிவிட்டேன்.

செம்பா பாடிக்கொண்டிருந்தாள். என் கை தாளத்தைத் தவறவிட்டது. இருபது வருஷத்தில் இல்லாதது. அவள் நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தாள், பிறகு முகத்தை.

"வீட்ல யாருக்கும் ஒடம்பு சரியில்லையா?"

"சலாவுக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். தாதர் கம்பெனி, முடிச்சு, கிழிந்த குரல், கையில் அடித்தது. சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. முதலில் வந்தது கோபம்.

"இத்தன நாளா ரெண்டு எடத்துலயும் வாசிச்சுருக்கீய?"

"ஆமா."

"என் மேல சத்தியம் பண்ணிட்டு?"

"அவருக்கும் பண்ணிட்டுத்தான்."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டாள்: "என் வரியவும் அவரேவா பாடுதாரு?"

"ஆமா."

"எப்படிப் பாடுதாரு?"

"ஒன்ன மாதிரியே."

தையல் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊசியில் நூல் கோத்தாள், நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

கணேசபாண்டியன் உள்ளேயிருந்து எழுந்து வந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை தாராவிக்குப் போவோம்" என்றான். அவளிடம் கேட்கவில்லை, சொன்னான். அவளும் மறுக்கவில்லை.

மே 17, ஞாயிறு

நஸீரா மதினி கதவைத் திறந்தவள் செம்பாவைப் பார்த்ததும் உள்ளே போய் டீ வைத்தாள். சலா எழுந்து நின்றான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனாலும் குனிந்துகொண்டேன்.

"பரிதாபப்பட்டு வரல" என்றாள் செம்பா, உட்காராமலே. "கேக்கத்தான் வந்தேன். அந்தத் தட்ட மொதல்ல பாத்தது நீங்க. உங்க கண்ணுல படலையா?"



"பட்டுச்சு" என்றான் சலா. குரல் சொரசொரவென்று வந்தது. "பேரு அவ்வளவு பெருசா இருந்துச்சு. ஒரு நிமிசம் சந்தோசமாயிட்டு. அந்த ஒரு நிமிசம் கழிச்சு ஒன்னப் பாத்தேன். நீ டீ குடிச்சுக்கிட்டு இருந்த. கம்பெனிக்காரன்கிட்ட மறுநாளே சண்டைக்குப் போனேன், அடுத்த தடவ பாப்போம்னுட்டான். அத ஒங்கிட்ட வந்து சொல்ல முடியல."

"ஏன்?"

"அந்த ஒரு நிமிசத்தையும் சேத்துச் சொல்லணுமே."

செம்பா உட்கார்ந்தாள். டீ வந்தது. குடித்தாள். பாதியில் நிறுத்தி, "என் வரி உங்களுக்கு எட்டாது, சலாண்ணே. அது எனக்குன்னு நீங்களே போட்ட மெட்டு" என்றாள்.

"தெரியும்."

"அப்பொறம் எதுக்குத் தொண்டையக் கிழிச்சுக்கிட்டீய?"

நஸீரா மதினிதான் சொன்னாள்: "வேற பொம்பளையப் பாட வைக்கச் சொல்லி கம்பெனியில சொன்னாக. இவுக ஒத்துக்கல."

இது எனக்கே தெரியாது.

முடிவு இப்படி: சலாவின் தட்டில் 'ஒத்தக் குடை'யை இரண்டு பேரும் பாடுவார்கள். செம்பாவின் தட்டில் அவள் தனியாகவே பாடுவாள் — கிர்காவ் கம்பெனி கேட்டது அதைத்தான், அவளும் அதை விடுவதாக இல்லை — ஆனால் ஆர்மோனியம் சலா. "ஆர்மோனியத்துக்குத் தொண்டை வேண்டாமே" என்றாள்.

படி இறங்கும்போது சலா என் தோளில் கை வைத்து அழுத்தினான். "உம்ம சத்தியத்த நம்பி ஒரு கடன்கூட வாங்க முடியாது வே."

மே 27, புதன்

நேரு காலமானார். சங்கு ஊதி ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டார்கள். மாதுங்கா முழுக்கக் கடை அடைப்பு. நாளை கிர்காவில் செம்பாவுக்கு ரெக்கார்டிங் இருந்தது, தள்ளி வைத்துவிட்டார்கள். ரேடியோ இருக்கிற வீட்டு வாசலிலெல்லாம் ஜனங்கள் நிற்கிறார்கள். ஆறுமுகத்தாய் உலை வைக்கவில்லை.

மே 31, ஞாயிறு

தாதர். ஒரே ஒரு மைக். இரண்டு பேரும் அதன் முன்னால் தோளோடு தோள் நின்றால்தான் இரண்டு குரலும் சமமாக விழும் என்று பாவே கையாலேயே காட்டினார். நான்கு வருஷம் முகம் பார்க்காதவர்கள். ஆளுக்கு அரை அடி தள்ளியே நின்றார்கள். பாவே கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, இன்னும் நெருங்கு, இன்னும் நெருங்கு என்று கையை அசைத்துக்கொண்டே இருந்தார். கணேசபாண்டியன் மூலையில் உட்கார்ந்து சிரித்தான்.

சலா ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றபடியே வாசித்தான். அவன் வரி — கரகரப்பாக, ஆனால் நின்றது. பிறகு அவள். நிமித்தும். அந்த மூச்சு. அந்தச் சிரிப்பு.

இடது காதில் அவன். வலது காதில் அவள். என் கை எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியாது. பாவே விரலைத் தூக்கவில்லை. முடிந்ததும் கதவைத் திறந்துகொண்டு வந்து, "பாஸ்" என்றார். மராட்டியில் இன்னும் என்னவோ சொன்னார். மழை வரப்போகிறது என்பது மட்டும் புரிந்தது.

ஜூன் 9, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். நஸீரா மதினியும் செம்பாவும் ஒரே பெஞ்சில், ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள்.

ஜூன் 20, சனி

கெட்ட கட்டி இல்லை. இல்லை. இல்லை.

ஜூன் 28, ஞாயிறு

சலா பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாதாம். சிலேட்டில் எழுதிக் காட்டுகிறான். பட்டறை ஆட்களைச் சிலேட்டிலேயே திட்டுகிறான். திட்டு முழுசாக எழுதி முடிவதற்குள் அவர்கள் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். மழை நான்கு நாளாக விடவில்லை. எங்கள் ஒற்றை அறைக் கோலியில் முழங்கால் தண்ணீர். டோலக்கைப் பரணில் ஏற்றிவிட்டு ஆறுமுகத்தாயும் நானும் கட்டில் மேலேயே குடித்தனம் நடத்துகிறோம். "மொதல்ல அத ஏத்துனீய, அப்பொறம்தானே என்னைய" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்காட்டுகிறாள்.

ஜூலை 19, ஞாயிறு

கிர்காவில் செம்பாவின் ரெக்கார்டிங். நான்கு பாட்டும் அவளே. ஆர்மோனியத்தில் சலா, வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு — மறந்துபோய்ப் பாடிவிடக்கூடாதென்று மதினி கட்டி அனுப்பியிருக்கிறாள்.

அவன் வரியை அவள் பாடும்போது நான் சலாவின் முகத்தைப் பார்த்தேன். தொண்டையைச் செருமினாள், 'கண்ணே'யை இழுத்தாள், நிறுத்தினாள். முதலில் அவனுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஆர்மோனியக் கட்டையைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான். விரல் மட்டும் தப்பவில்லை.

வெளியே வந்ததும் சிலேட்டில் எழுதினான்: *நான் செருமுவேனா?*

செம்பாவும் நானும் ஒரே சமயத்தில் ஆமாம் என்றோம்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

சலா பேசலாம் என்று டாக்டர் உத்தரவு. முதல் வார்த்தை என்ன வரும் என்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். "டீ" என்றான்.

குரல் வேறு. கீழே இறங்கிவிட்டது, ஓரமெல்லாம் பிசிறு. மதினி உள்ளே போய் அழுதுவிட்டு வந்து டீ கொடுத்தாள்.

செப்டம்பர் 20, ஞாயிறு

இரண்டு தட்டும் வந்துவிட்டன. கணேசபாண்டியன் புது பிளேயர் வாங்கியிருக்கிறான், செம்பூரில் கூடினோம். முதலில் சலாவுடையது. முள் விழுந்ததும் அந்தப் பழைய கம்பீரம் அறையை நிறைத்தது. சலா தலையைச் சாய்த்துக் கேட்டான். பாட்டு முடிகிற வரைக்கும் யாரும் அவனைப் பார்க்கவில்லை.

"யாரு வே இது?" என்றான், இப்போதைய குரலில்.

செம்பாதான் தட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "உங்க தம்பி. நல்லாப் பாடுதான். ஆனா கொஞ்சம் கர்வம் புடிச்சவன்" என்றாள்.

சலா சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். அடுத்து அவளுடைய தட்டு. அதை இரண்டு தடவை போடச் சொன்னான்.

அக்டோபர் 11, ஞாயிறு

மாதுங்காவில் நவராத்திரி நிகழ்ச்சி. செம்பாவைத்தான் கூப்பிட்டிருந்தார்கள், நானும் சலாவும் பக்க வாத்தியம். எல்லாப் பாட்டும் அவளே பாடினாள். கடைசியில் கூட்டத்தில் இருந்து 'ஒத்தக் குடை' என்று சத்தம் வந்தது. தனியாகத்தான் பாடுவாள் என்று நினைத்து ஆரம்பித்தேன். அவன் வரியை அவள் பாடினாள். தன் வரிக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டு சலாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு சுற்றுத் தாளம் வெறுமனே போனது. நான் விடாமல் வாசித்தேன்.

சலா பாடினான். செம்பாவின் வரியை, மேலே போகாமல் கீழே, அடித்தொண்டையில், அந்தப் பிசிறோடு. *சாய்ச்ச குடைய நிமித்தும், சளி பிடிக்கும் ஒமக்கு.* முன் வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. நிமித்தும் என்ற இடத்தில் அவன் அந்த மூச்சை விட்டான். இந்தக் குரலில் அது சிரிப்பாக இல்லை, ரொம்ப நாள் கூட வாழ்ந்த ஒருத்தி சொல்வது மாதிரி இருந்தது.

திரும்பும் வழியில் ஆறுமுகத்தாய் என் டோலக்கின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். கிங்ஸ் சர்க்கிள் வந்ததும், "ஒங்களுக்கு வேணும்னது கெடச்சிட்டுல்லா?" என்றாள்.

நவம்பர் 22, ஞாயிறு

பட்டறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இவர்கள் முன்னால் நாட்குறிப்பைத் திறந்தது இதுதான் முதல் தடவை, யாரும் கவனிக்கவில்லை. சலா ஒரு புதுப் பாட்டு கட்டியிருக்கிறான், குழாயடியில் முறைக்கு நிற்கிற பெண்களைப் பற்றி. இரண்டாவது அடியில் 'வரிசை' என்று இருக்கிறது. அந்த வார்த்தையை எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள், 'லைன்' என்றுதான் சொல்வாள் என்கிறாள் செம்பா. 'லைன்' மெட்டில் உட்காராது என்கிறான் அவன். உட்காரும், உங்களுக்குத்தான் உட்கார வைக்கத் தெரியவில்லை என்கிறாள். மெட்டுப் போட்டது யார் என்கிறான். பாடப்போவது யார் என்கிறாள். நஸீரா மதினி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

நேரமாகிறது. நாளை எனக்கு முதல் ஷிப்ட். சத்தம் கூடிக்கொண்டே போகிறது.

நான் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.